செங்கற் சுவரும் செய்நேர்த்தியும்

இலக்கிய ஏட்டில் செங்கல்லுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். விடை நம் இரு மொழிகளின் சொற்களிலேயே இருக்கிறது. அரபு மொழியில் வீட்டுக்குப் பெயர் 'பைத்'. ஒரு முழுச் செய்யுளடிக்கும் அதுவே பெயர். அவ்வடியின் இரு பாதிகளில் ஒன்றினை 'மிஸ்ராஃ' என்பர். இரட்டைக் கதவில் ஒரு பக்கக் கதவையும் அச்சொல்லே குறிக்கும். தமிழிலோ, யாத்தல் என்றால் கட்டுதல். செய்யுளைக் கட்டும் முறையே யாப்பு. வீட்டையும் பாட்டையும் ஒரே கண்கொண்டு நோக்கிய இரு மொழிகளுக்கு நாம் உரியவர்களாக இருக்கிறோம். பாட்டைத் திறனாய எத்தனையோ பேர் உளர். வீட்டைத் திறனாயத்தான் ஆள் இல்லை. இடிப்பதற்கு முன் மனைக்கு விலை பேசுவோர் உண்டு. இடித்த பின் கல்லை எண்ணி வாங்குவோரும் உண்டு. அது நிற்கும் காலத்தில் எதிரே நின்று பார்ப்போர் அரியர்.

கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் சாலையில் நெல்லிக்குப்பத்தை அடுத்து மேல்பட்டாம்பாக்கம் இருக்கிறது. பெருநகரன்று, ஆயினும் பழைய தெருக்கள் உள்ள ஊர். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருகின்ற நேரத்தில் மேற்கு நோக்கிய வீடுகளின் முகப்பில் சாய்வெயில் விழும். உச்சிவெயிலில் வெறும் சுவராகத் தெரிந்தது, அப்போது ஏடு விரித்தாற்போல் விரியும். ஒவ்வொரு கல்லும் தனக்கென ஒரு நிழல் இடும். அந்நேரத்தில் ஒரு வீட்டின் எதிரே நின்று, மேலிருந்து கீழாக அதை வாசித்துப் பார்ப்போம்.

முதலில் மாடியின் கைப்பிடிச் சுவர். அது முழுச் சுவராக இல்லை. செங்கற்களுக்கு இடையே இடைவெளி விட்டுக் கட்டிய சல்லடைச் சுவர். அதன் கீழே, கற்களைச் சற்றே சாய்த்து, மூலைகள் வெளியே தெரியும்படி வைத்த ஒரு வரிசை. பார்வைக்குப் பல்வரிசை போல் இருக்கும். அதற்குக் கீழ் ஒன்றைவிட ஒன்று உள்வாங்கிய இரண்டு மூன்று வரிசைகள். பின்னர்ச் சாளரங்களின் மேல் வில்வளைவுகள். வாயிலின் இரு மருங்கும் திண்ணைகள். திண்ணைச் சுவரில் விளக்கு வைக்கும் மாடப்பிறை. சுவரில் குடைந்த அச்சிறு மாடத்திற்குத் தமிழன் 'பிறை' என்றே பெயரிட்டான். வானத்துப் பிறையைப் பார்த்து மாதம் கணிக்கும் நாம், வீட்டுச் சுவரிலும் ஒரு பிறை வைத்திருந்தோம் என்பது எண்ணி மகிழத்தக்கதன்றோ?

இவற்றையெல்லாம் அலங்காரம் என்று ஒரே சொல்லில் கூறிவிட்டுப் போவது எளிது. ஆனால் ஒவ்வொன்றையும் நோக்கி, 'நீ ஏன் இருக்கிறாய்?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். திறனாய்வின் முதற்கேள்வியே அதுதான்.

சல்லடைச் சுவர் ஏன்? மாடியில் காற்று வர வேண்டும். மாலையில் அங்கு அமரும் பெண்கள் தெருவைப் பார்க்க வேண்டும். தெரு அவர்களைப் பார்க்கலாகாது. இந்த மூன்று தேவைகளையும் கல் வைக்காத இடத்தால் நிறைவேற்றினான் கொத்தன். அதனால் கல்லும் மிச்சமாயிற்று. சுவரின் பாரமும் குறைந்தது. பல்வரிசையும் அதன் கீழுள்ள நீட்சிகளும் ஏன்? ஐப்பசி, கார்த்திகையில் கீழ்க்கடலிலிருந்து வரும் மழை இம்மாவட்டத்தைச் சாய்வாக அடிக்கும். மேலே நீண்டிருக்கும் கல் அந்நீரைச் சுவரின்மேல் வழியவிடாமல் வெளியே சொட்டச் செய்யும். மேலே கட்டவிருக்கும் கைப்பிடிச் சுவருக்கு அகலமான தளமும் ஆகும். வளைவு ஏன்? செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. நீளக் கல்லோ இரும்போ இல்லாமல், கையளவுக் கற்களைக் கொண்டு ஒரு திறப்பின் மேல் பாரம் ஏற்ற வேண்டுமாயின், வில்போல் அடுக்கி ஒன்றையொன்று நெருக்கச் செய்வதே வழி.

ஆக, நாம் அழகு என்று கண்டது முழுவதும் ஏதோவொரு கடமையைச் செய்துகொண்டே அழகாக இருந்தது. எதுகையும் மோனையும் பாட்டின் மேல் ஒட்டிய பூக்கள் அல்ல. நினைவில் நிற்கவும் ஓசை சிதறாமல் இருக்கவும் அவை வேலை செய்கின்றன. பல்வரிசையும் அப்படித்தான். இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்ததும் இதுவே: வேலை செய்யும் அழகு வேறு, வேலையற்ற பகட்டு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் முன்னதை அழிக்கிறோம். பின்னதைக் கடன் வாங்கியும் கட்டுகிறோம்.

இந்த மண்ணில் செங்கல் நேற்று வந்ததன்று. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ரோமானிய வாணிக காலத்துச் செங்கற் கட்டடங்களும் தொட்டிகளும் வெளிப்பட்டன. விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டில் குடைவரை அமைத்த மகேந்திர பல்லவன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி அதைச் செய்ததாகக் கல்வெட்டிலே பெருமை கொள்கிறான். செங்கல் இல்லாமல் கட்டியது ஒரு மன்னனுக்குப் பெருமையாக இருந்ததென்றால், செங்கல்லால் கட்டுவதே அதுவரை வழக்கம் என்பது தானே விளங்கும். சிதம்பரத்துக் கோபுரங்களையும் நோக்குக. அடித்தளம் கருங்கல், அதற்குமேல் எழும் நிலைகளெல்லாம் செங்கல்லும் சுதையுமே. கல்லின் மேல் கல்லேற்றினால் பாரம் கூடும். உயரம் வேண்டுமாயின் செங்கல் அப்பாரத்தைக் குறைக்கும் என்பதை அக்கொத்தர்கள் அறிந்திருந்தனர்.

கடலுக்கு அப்பால், நம் மார்க்கம் பிறந்த நாட்டிலும் செங்கல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. சுடாத கல்லை 'லபின்' என்றும், சுட்ட கல்லை 'ஆஜுர்' என்றும் அரபுமொழி பிரித்துச் சொல்லும். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் கட்டிய பள்ளிவாசல் லபினால் ஆனது. தூண்கள் பேரீச்ச மரங்கள். கூரை அதன் மட்டைகள். பின்னர் ஹிஜ்ரி 29-இல் கலீஃபா உஸ்மான் (ரலி) அதைச் செதுக்கிய கற்களாலும் சுண்ணக் காரையாலும் புதுப்பித்து, 'ஸாஜ்' மரத்தால் கூரையிட்டார். ஸாஜ் என்பது தேக்கு. அரபு மண்ணில் விளையாத மரம் அது. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் பரப்பும் நம் ஊர்க் கூரையைப் பார்க்குந்தோறும், மதீனத்துப் பள்ளியின் கூரை நம் நினைவுக்கு வரும்.

கருங்கல் அரிதான நாடுகளில் செங்கல் உச்சத்தைத் தொட்டது. ஈராக்கில் ஸாமர்ராவின் சுருள் மினாரா ஒன்பதாம் நூற்றாண்டின் சுட்ட செங்கல். புகாராவில் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸாமானியர் அடக்கத்தலத்தைப் படத்தில் பார்த்தவர்களும் மறக்கமாட்டார்கள். கோரைப்பாய் முடைந்தாற்போல் செங்கற்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்டிருக்கும். வண்ணம் இல்லை, சிற்பம் இல்லை, கல்லும் நிழலும் மட்டுமே. இவ்வகை வேலையைப் பாரசீகர் 'ஹஸார்பாஃப்' என்றனர். 'ஆயிரம் நெசவு' என்று பொருள் கொள்ளலாம். வங்கத்துப் பாகர்ஹாட்டில் 1459-இல் மறைந்த கான் ஜஹான் எழுப்பிய அறுபது கும்பப் பள்ளியும் செங்கல்லே. அந்நாட்டுச் சுல்தான்களின் காலத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றின் மேல்விளிம்பு வளைந்திருக்கும். அவ்வளைவு வங்கத்து மூங்கிற் குடிசையின் கூரையிலிருந்து வந்தது.

அக்கடைசிச் செய்தியை இங்கே நிறுத்தி நோக்க வேண்டும். வழிபாட்டின் திசையையும் தேவையையும் மார்க்கம் சொல்லிற்று. கட்டிய கை அந்தந்த நாட்டுக் கை. கீழக்கரை, காயல்பட்டினத்துப் பழைய பள்ளிகளில் திராவிடக் கற்றூண்கள் நிற்பது அதனால்தான். நம் தெருவின் வீடுகளும் அவ்வாறே. கோயில் விமானத்திற்குச் சுதை வேலை செய்த மரபில் வந்த கொத்தனே நம் பாட்டனாரின் வீட்டிற்கும் கரண்டி பிடித்தான். அங்கே யாளியும் பதுமையும் செய்த கை, இங்கே கொடியும் இலையும் பிறையுமாகத் தன்னை மாற்றிக்கொண்டது. உருவம் வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னது அக்கலைஞனைக் கட்டிப்போடவில்லை. கல்லின் அடுக்கிலேயே அழகைத் தேடுமாறு அவனைத் திருப்பிவிட்டது. இரு சமூகத்தார் ஒருவரையொருவர் மதித்து வாழ்ந்ததற்குச் சான்று வேண்டுவோர் ஓலைகளைத் தேட வேண்டா. அச்சுவர்களைப் பார்த்தால் போதும்.

ஆயினும் புகழ் எங்கே போயிற்று? சென்னையில் 1892-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. செங்கல்லின் சிவப்பும், கும்பங்களும், மினாராக்களும் வியப்பூட்டுவன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அஃது ஆளவந்தவர் தம் மாட்சிக்காக நம் வடிவங்களை எடுத்துக் கட்டியது. அண்ணாந்து பார்க்கச் சொல்லும் கட்டடம். தெருவீடு அண்ணாந்து பார்க்கச் சொல்வதில்லை. திண்ணையில் உட்காரச் சொல்கிறது. வழிப்போக்கனுக்கென்று தன் சொந்த மனையில் இரண்டு முழம் விட்டுக்கொடுத்த பண்பு, எந்த மினாராவுக்கும் குறைந்ததன்று.

இதுவரை புகழ்ந்துரைத்தோம். இனி நம் குற்றத்தையும் உரைக்க வேண்டும். இல்லாவிடில் இஃது ஊருக்கு உபதேசமாகிவிடும்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நாம் வாழும் வீட்டின் முகப்பைச் செப்பனிட நேர்ந்தது. பல்வரிசையில் தூசி அடைகிறது, புறா அடைகிறது என்று வீட்டில் குறை. அவ்வாரந்தான் மதரஸாவில் பிள்ளைகளுக்கு 'இஸ்ராஃப்' என்னும் வீண்விரயத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தோம். மனத்தில் அது நின்றது. இவ்வேலைப்பாடெல்லாம் பகட்டு, மட்டமாகச் சிமெண்டு பூசிவிட்டால் எளிமையும் ஆகும், செலவும் குறையும் என்று முடிவு கட்டினோம். வந்த முதிய கொத்தனார் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “பாய், சுண்ணாம்பு மூச்சு விடும், சிமிட்டி விடாது. யோசிச்சுச் செய்யுங்க” என்றார். கிதாபுகளை ஓதிய நாம், கரண்டி பிடித்தவர் சொல்லைக் காதில் வாங்கவில்லை. வெளியே நீண்டிருந்த கற்களை உளியால் தட்டிச் சமன்செய்து பூசி முடித்தார்கள். வழவழவென்று இருந்தது. நமக்கும் நிறைவாகவே இருந்தது.

மூன்றாம் மழைக்காலத்தில் பூச்சு வீங்கிற்று. தட்டினால் பொள்ளென்று ஒலித்தது. தரையிலிருந்து ஆளுயரம் வரை வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. பிறகு பாளம் பாளமாக விழத் தொடங்கிற்று. விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டே விழுந்தது. காரணம் எளிது. பழைய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரையின் நுண்துளைகள் வழியே அதை வெளிவிடும். அடர்ந்த சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடுகிறது. அடைபட்ட ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு கல்லுக்குள்ளேயே நின்று அதை அரிக்கிறது. மேலே நீட்சியும் இல்லாமற் போனதால் மழைநீர் நேராகச் சுவரில் வழிந்தது. நாம் விரயம் என்று வெட்டி எறிந்தது விரயமன்று, வெட்டியதே விரயம். அதன்பின் அம்முகப்புக்குச் செய்த செலவு, முன்னோர் வேலைப்பாட்டைப் பேணியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடப் பன்மடங்கு.

இஸ்ராஃபைக் கண்டிக்கும் மார்க்கம், 'இத்கான்' என்னும் செய்நேர்த்தியை வேண்டுகிறது. ஒரு வேலையைச் செய்தால் அதைத் திருந்தச் செய்க என்பது அதன் கருத்து. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொண்டோம். எளிமை என்ற பெயரால் நேர்த்தியை வெட்டினோம். நம்மைப் போன்றோர் சொல்லைக் கேட்டு எத்தனை ஊர்களில் எத்தனை முகப்புகள் மழிக்கப்பட்டனவோ, அதை எண்ணும்போது நெஞ்சு சுடுகிறது.

மழித்த முகப்புகளின் இடத்தில் இன்று நாம் கட்டுவது எளிமையுமன்று. வளைகுடா நாடுகளில் வியர்வை சிந்திய பணத்தால் எழும் புதிய வீடுகளின் முகப்பைப் பாருங்கள். பாரம் தாங்காத தூண்கள். திறப்பே இல்லாத இடத்தில் ஒட்டிய வளைவுகள். மழைநீரை எறியாத பட்டைகள். செங்கற் சுவரை மறைத்துவிட்டு அதன்மேல் செங்கல் போலத் தோன்றும் ஓடுகள். யாப்பறியாதவன் எதுகையை மட்டும் அடுக்கினாற்போல் இருக்கிறது. இவற்றைக் கட்டிய பிள்ளைகளை நாம் குறை கூறவில்லை. நல்லதைக் காட்டிக் கொடுக்க வேண்டிய நாம் காட்டவில்லை. விற்பவன் காட்டியதை அவர்கள் வாங்கினார்கள்.

பழையதெல்லாம் பொன் என்று வாதிடுவதும் நம் நோக்கமன்று. பழைய வீடுகளில் வெளிச்சம் புகாத அறைகள் உண்டு. முதியோர் ஏற முடியாத படிகள் உண்டு. அண்டை வீட்டான் மனம் வாட வேண்டும் என்றே கட்டிய பகட்டுகளும் உண்டு. ஒரு வீட்டிற்குப் பாகப்படி பத்துப் பேர் வாரிசாகிவிட்டால், பேணுவதைவிட இடித்து மனையைப் பிரிப்பதே எளிது என்பதும் உண்மை. உரியவர்க்கு உரியது சேர வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆயினும் பாகம் பிரிப்பதற்கு முன், முகப்பை மட்டுமாவது நிறுத்தி வைக்க வழியுண்டா என்று ஒரு கொத்தனாரைக் கேட்டவர் எத்தனை பேர்?

வழி இல்லாமல் இல்லை. கடலூருக்கு அருகிலேயே புதுச்சேரி இரு பாடங்களையும் வைத்திருக்கிறது. கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மேரி என்னும் நகரமன்றக் கட்டடம், பராமரிப்பின்றி நின்று, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர்ப் பெரும் பொருட்செலவில் அதே வடிவில் மீண்டும் கட்டி 2021-இல் திறந்தார்கள். வடிவம் வந்தது, பழைய கை வரவில்லை. அதே நகரின் வைசியாள் வீதியிலோ, இடியும் முன்பே விழித்துக்கொண்டார்கள். தாழ்வாரமும் திண்ணையும் உடைய தமிழ் வீடுகளின் முகப்புகளை வீட்டுக்காரர்களோடு சேர்ந்தே செப்பனிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியும், மரபுக் கட்டடங்களைப் பேணும் இன்டாக் அமைப்பின் உழைப்பும் அதற்குத் துணை நின்றன. முன்னதில் பிணத்திற்குச் சிலை வைத்தார்கள். பின்னதில் நோயாளிக்கு மருந்து கொடுத்தார்கள்.

செங்கல்லைப் பற்றி இன்று அறிந்தவர்களும் பழையதைத் தள்ளவில்லை. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தைத் தாயகமாக்கிக்கொண்டு 2007-இல் மறைந்த லாரி பேக்கர், பூச்சில்லாத செங்கற் சுவர்களையும் சல்லடைச் சுவர்களையும் கொண்டு ஏழைகளுக்கும் வீடு கட்டித் தந்தார். திருவனந்தபுரம் பேருந்து நிலையத்தின் அருகே சுருளாக எழும் அவரது காப்பி விடுதியின் சுவர்களில் காற்று நுழைவதும் ஒளி சிதறுவதும் நம் மாடிச் சல்லடைச் சுவரின் கல்வியே. எளிமைக்காக அவர் நேர்த்தியை வெட்டவில்லை. நேர்த்தியாலேயே எளிமையை அடைந்தார்.

இன்னுமொரு கடன் உண்டு. செங்கல்லைப் புகழும்போது அதை அறுத்த கையை மறக்கலாகாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. ஆயினும் முன்பணம் வாங்கிய கடனுக்காகக் குடும்பத்தோடு சூளையில் கிடந்து உழல்வோர் மீட்கப்பட்ட செய்திகள் அதன் பின்னும் தமிழகத்தில் வந்துகொண்டே இருக்கின்றன. கூலியைக் குறைத்து வாங்கிய கல்லில் எத்தனை வேலைப்பாடு செய்தாலும் அதை நேர்த்தி என்று நாம் எழுதமாட்டோம். பழைய வீட்டின் நல்ல கல்லை மீண்டும் எடுத்துக் கட்டுவதில் சிக்கனம் மட்டுமன்று, அம்மக்களின் உழைப்புக்குச் செய்யும் மரியாதையும் இருக்கிறது.

நாம் கேட்பது பெரிதன்று. மேல்பட்டாம்பாக்கத்திலோ, கடலூர் முதுநகரிலோ, பரங்கிப்பேட்டையிலோ பழைய வீடு உடையோர், இடிக்கவோ பூசவோ முடிவு செய்யும் முன், ஒரு நாள் சாய்வெயிலில் அரைமணி நேரம் அதன் எதிரே நில்லுங்கள். ஒவ்வொரு நீட்சியையும் நோக்கி, ஏன் இருக்கிறாய் என்று கேளுங்கள். சுண்ணாம்பில் கை வைத்த முதிய கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் காரை குழைக்கத் தெரிந்தவர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர் பக்கத்தில் ஓர் இளைஞரையும் நிறுத்துங்கள். இடிக்கத்தான் வேண்டுமென்றால், அளந்து, படம் எடுத்து, வைத்தவர் பெயர் தெரிந்தால் அதையும் எழுதி வையுங்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமக்கு முன் வந்த நபிமார்களையும் தம்மையும் ஒரு வீட்டிற்கு ஒப்பிட்ட உவமையை அன்பர்கள் அறிவார்கள். அழகுறக் கட்டிய வீடு. மூலையில் ஒரே ஒரு செங்கல்லுக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. மக்கள் அதைச் சுற்றிவந்து வியந்தார்கள். அந்தக் கல்லும் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். அவ்வுவமையின் உட்பொருள் மிக உயர்ந்தது. அதைச் சுவரளவுக்கு இறக்க நாம் துணியவில்லை. ஆனால் அதைக் கேட்ட மக்கள், வீட்டைச் சுற்றிவந்து பார்க்கவும், ஒரு கல் இல்லாததை உணரவும் தெரிந்தவர்களாக இருந்தார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். நம் வீட்டு முகப்பில் உளிபட்ட இடங்கள் இன்றும் இருக்கின்றன. சென்ற ஆண்டு பூச்சை முழுவதும் உரித்துவிட்டுச் சுண்ணாம்பில் வேலை தொடங்கியிருக்கிறோம். பல்வரிசையில் பாதிக் கற்கள் அமைந்துவிட்டன. மீதிக்கு, தெருவில் இடிபட்ட வீடொன்றின் பழைய கற்களை எடுத்து அடுக்கி வைத்திருக்கிறோம்.